வராந்தாவிலிருந்து வந்த பதில்

மே மாதத்து மாலைகளில் எதிர்வீட்டில் மாதா பிரார்த்தனை நடக்கிறது. ஒரு பெண்குரல் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வீடு முழுக்கச் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மறுபடி ஒரு பட்டம், மறுபடி அதே பதில். கிணற்றில் வாளி இறங்கி ஏறுவதுபோல அந்தக் குரல் இறங்க, இந்தக் குரல் ஏறுகிறது. குழந்தைகள் வார்த்தையை விழுங்கிவிட்டு ‘ளும், ளும்’ என்று வாலை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறேன். என் உதடுகள் அசைவதில்லை. வேண்டுமென்று அடக்கிவைத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பல்வலிக்காரன் ஒரு பக்கமாகவே மென்று பழகிவிடுகிறான் இல்லையா, அப்படிப் பழகிவிட்டது.

அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மாதா நினைவுக்கு வருவதில்லை. நகரசபைக் கட்டடத்தின் நீண்ட வராந்தா வருகிறது. பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஜனம். அவர்கள் மடியில் துணி சுற்றிய புத்தகங்கள். பிறகு அக்கா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் எனக்கு ஒரு வேலை இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசுகிற வேலை. சட்டதிட்டங்களைப் பேசி முடிவுசெய்யும் சபையைக் கொன்சேய் என்போம். அங்கே பேச்செல்லாம் பிரெஞ்சில். உறுப்பினர்களில் சிலருக்குப் பிரெஞ்சு தெரியாது. நெல்லும் தென்னந்தோப்பும் மீன்பிடிப் படகும் வைத்துக்கொண்டு, சுற்றுப்புறங்களிலிருந்து ஜெயித்து வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் என்னைப்போல் ஒருவன் நின்று, குனிந்து, காதருகே தமிழில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் எழுந்து தமிழில் பேசினால் அதைப் பிரெஞ்சாக்கி அவைக்குச் சொல்ல வேண்டும். பகல் முழுக்க வாய் ஓயாது. அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையதாக இருக்காது. மாலையில் கடற்கரையில் போய் நிற்பேன். அலை பேசும், நான் யாருக்கும் அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்த ஒன்றுதான் அப்போது எனக்குச் சுகம்.

வீட்டில் அக்கா இருந்தாள். அம்மாவும் அப்பாவும் போய்விட்டிருந்தார்கள்.

எங்கள் எல்லை நேர்கோடாக ஓடிய எல்லை அல்ல. கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ், அதற்கடுத்த ஏரி பாதிக்குப் பாதி. அக்காவை அப்பா கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம். விழுப்புரம் வண்டியில் போனால் எல்லை தாண்டி வரும் முதல் சின்ன ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற ஊர். கல்யாணப் பதிவில் அவள் கைநாட்டு வைத்த அன்றே இங்கிலீஷ் எல்லைக்காரி ஆகிவிட்டாள். புருஷன் ஊர்தான் பெண்ணின் ஊர் என்பது சட்டம். அது அவளுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் யார் யோசித்திருக்கப்போகிறார்கள்? மாப்பிள்ளை வீட்டில் நாலு உழவுமாடு நின்றது.

மாப்பிள்ளையைப் பாம்பு கடித்தது. பிள்ளை இல்லை. புருஷனின் அண்ணன், மூத்தார் வீட்டில் சில வருஷம் கிடந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. ஒருநாள் மூட்டையோடு என் வாசலில் வந்து நின்றாள். என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கலடா தம்பி. அங்க நான் இருக்கறது யாருக்கும் தெரியல. இல்லாம போனாலும் தெரியாது. அதான் பாத்தேன், வந்துட்டேன்.”

ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். சங்கு ஊதியதும் பெண்கள் கூட்டத்தோடு ஓடுவாள். சங்கு ஊதியதும் அதே கூட்டத்தோடு சிரித்துக்கொண்டு வருவாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. ஒரு கண்ணாடி வாங்கிவந்து சுவரில் மாட்டி, அதன் முன்னால் நின்று பஞ்சைப் பொறுக்குவாள். கணவன் வீட்டில் இருந்த காலத்தில் தன் முகத்தைத் தவலைத் தண்ணீரில்தான் பார்த்தாளாம். மே மாதம் வந்தால் எங்கள் தெருவின் பிரார்த்தனையை நடத்துவது அவள்தான் என்று ஆயிற்று. கணீரென்ற குரல். நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் அடுப்படியில் நின்றபடியே பதில் சொல்வார்கள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அது அதுவரை ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

ஆலைகளில் வெளி எல்லைக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பேச்சு தெருவில் கொஞ்சம் அலைந்துவிட்டுக் கொன்சேய்க்குள் நுழைந்தது. கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். வெளி எல்லையிலிருந்து வந்து இங்கே தங்கி வேலை பார்ப்பவர் எவரும் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இனி வருகிறவர்கள் மட்டுமல்ல, ஏற்கெனவே வந்து இருப்பவர்களும் ஒரு முறை படித்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்கள் வந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

நான் நின்றது ஒரு பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால். வீராம்பட்டினம் பக்கத்துக்காரர். தென்னந்தோப்பு உண்டு, வயிறு உண்டு, வாய் நிறைய வெற்றிலை உண்டு. அவைக்குள் மெல்லக்கூடாது என்பதால் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருப்பார். அவருக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். அதுவும் பார்த்து எழுதினால்.

வக்கீல் அழகாகப் பேசினார். சுவரில் ஒட்டிய ஆணையைப் படிக்கத் தெரியாதவனை ஆள முடியாது, தலைகளை எண்ண மட்டும்தான் முடியும் என்றார்.

“என்னா சொல்றாரு?” என்றார் பெரியவர்.

“படிக்கத் தெரியாத வெளியூர்க்காரங்க வேணாம்ன்றாரு ஐயா.”

“உள்ளூர்க்காரன் படிக்கலன்னா?”

“அதப்பத்தி ஒண்ணும் சொல்லல.”

“எப்படிச் சொல்லுவாரு? நாங்கல்லாம் இங்கதான உக்காந்திருக்கோம்.” அவர் வயிறு குலுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எதிர்த்துப் பேசியவர் சைகோனில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர். குரல் நடுங்கும், ஆனால் நடுங்கிக்கொண்டே நெடுந்தூரம் போகும். என் பாட்டனார் சைகோனில் கப்பலைவிட்டு இறங்கியபோது அவர் கையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது, தலையில் ஒரு எழுத்தும் இல்லை, துறைமுகத்தில் அவரை யாராவது படிக்கச் சொல்லியிருந்தால் நான் இந்த நாற்காலியில் இல்லை என்றார்.

“அது சைகோன், இது நம் ஊர்” என்றார் வக்கீல். அவை சிரித்தது.

“என்னாத்துக்குச் சிரிக்கறாங்க?”

சொன்னேன்.

“நம்ம ஆளுங்க அங்க போனா பொழப்பு, அவனுங்க இங்க வந்தா படையெடுப்பு” என்றார். “இத பிரெஞ்சுல மாத்திச் சொல்லாதடா தம்பி, சும்மா உங்கிட்ட சொன்னேன்.”

பிறகு எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று சண்டை வந்தது. ஒரு வெள்ளைக்கார உறுப்பினர் பிரெஞ்சு என்றார். அப்படியானால் ஆலைகளில் பேய்தான் நூல் நூற்கும் என்று யாரோ சொன்னார்கள். தமிழ் போதும் என்று ஆயிற்று. எதைப் படிப்பது என்று அடுத்த சண்டை. அரசாங்க ஆணையையா, பள்ளிக்கூடப் பாடத்தையா? வெயில் ஜன்னலிலிருந்து மேசைக்கு ஏறி, மேசையிலிருந்து சுவருக்குப் போயிருந்தது. அப்போது என் பெரியவர் எழுந்தார். அவர் எழுவது அபூர்வம். நாற்காலி பின்னால் வந்து என் முழங்காலில் இடித்தது.

“ஏழை வூட்ல என்னா பொஸ்தகம் இருக்கும்? இருந்தா ஒரு சாமி பொஸ்தகம் இருக்கும். எந்தச் சாமியோ அந்தச் சாமி. அத எடுத்தாந்து அவன் படிக்கட்டும். தெரியாத பொஸ்தகத்தக் கையில குடுத்து மொறச்சிப் பாத்தா எவனுக்கும் நாக்கு ஒட்டிக்கும். எனக்கே ஒட்டிக்கும்.”

நான் பிரெஞ்சில் சொன்னேன். அவையில் தலைகள் அசைந்தன. கிழவர் அதை ஆதரித்தார், வக்கீலும் ஆதரித்தார், ஏனென்றால் எல்லாருக்கும் பசி.

“நான் பேசனது நீளமா இருந்துச்சே” என்று உட்கார்ந்தபடி கேட்டார் பெரியவர்.

“பிரெஞ்சுல சுருங்கிடும் ஐயா.”

“சுருங்கட்டும். நல்லது செஞ்சனா இல்லியா?”

“செஞ்சீங்க ஐயா.”

தீர்மானம் அந்தத் திருத்தத்தோடு நிறைவேறியது. அன்று முழுக்க நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அக்காவைப் பற்றியது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. குரல் மாறவில்லை, கால் வலித்தது. முன்வரிசையில் ஒருவருடைய கோட்டுக் காலரில் ஒரு எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் இன்றும் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா கண்ணாடி முன் நின்று பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை, கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

“படிக்கலன்னா?”

“அங்க போகணும்.”

“மூத்தார் வூட்டுக்கா?”

“அந்த ஊருக்கு. எந்த வூடுன்றதெல்லாம் அவங்களுக்கு என்ன?”

“எனக்கு அங்க வேற எந்த வூடுடா இருக்குது?” கையிலிருந்த பஞ்சை உருட்டினாள். “என்னா பொஸ்தகம்னு சொன்ன?”

“சாமி பொஸ்தகம். உன் செபப் பொஸ்தகத்தையே எடுத்துட்டுப் போலாம்.”

அவள் முகம் தெளிந்தது. “போடா, பயமுறுத்திட்ட. அது எனக்குத் தெரியுமே!”

“தெரியறது வேற, படிக்கறது வேற அக்கா.”

“உனக்கு வேற. எனக்கு ஒண்ணுதான்.”

சிலேட்டு வாங்கிவந்தேன். ஆலையிலிருந்து வந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி உட்காருவாள். ‘அ’ போட்டாள். அதன் சுழியைப் பார்த்து நத்தை என்றாள். ‘ஆ’வுக்கு வருவதற்குள் தலை சிலேட்டில் சாய்ந்துவிடும், நெற்றியில் பலப்பத் தூள் ஒட்டியிருக்கும். எழுப்பினால், “இந்த நத்தைய ஓட்டிக்கிட்டு நான் எப்படா மாதாகிட்டப் போய்ச் சேர்றது? வுடுடா” என்பாள். சோதனைக்கு நாள் குறித்துவிட்டிருந்தார்கள். விட்டேன்.

அவளுக்கு அவளுடைய வழி இருந்தது. அந்தப் புத்தகத்தின் பக்கங்களை முகங்களைப்போல அறிந்துவைத்திருந்தாள். மெழுகு சொட்டிக் கண்ணாடியாகிப்போன பக்கம் மாலைச் செபம். கரப்பான் மூலையைத் தின்ற பக்கம் சாகிறவர்களுக்கான செபம். மாதா படத்துக்கு எதிர்ப்பக்கம் பிரார்த்தனை. ஒரு விரலை வரியில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு சொல்வாள். பக்கம் முடிகிற இடத்தில் விரலை நனைத்துப் புரட்டுவாள். என்னை எதிரில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னாள். பிசகே இல்லை. தெரியாதவன் பார்த்தால் படிக்கிறாள் என்றுதான் சொல்வான். தெரிந்த எனக்கே சில நேரம் அப்படித் தோன்றியது.

“எப்படிடா இருக்குது?”

“நல்லாருக்கு.”

“நீ ஏன்டா பொணத்துக்கு முன்னால உக்காந்திருக்கறவன் மாதிரி இருக்கற?”

எனக்குத் தெரியவில்லை. அப்படி இருந்தேன் என்றுகூட அவள் சொல்லித்தான் தெரிந்தது.

சோதனை நாளன்று நகரசபைக் கட்டடத்தின் வராந்தா நிரம்பியிருந்தது. பெரும்பாலும் ஆலைக்காரர்கள். எல்லார் கையிலும் புத்தகம். மஞ்சள் துணியில் சுற்றியது, செய்தித்தாளில் பொதிந்தது, அட்டை போனது, யாரிடமோ இரவல் வாங்கிய புத்தம்புதியது. எங்கள் கோவில் ஜனம் பாதிக்கு மேல் இருந்தது. அந்த வராந்தாவில் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தார்கள்.

உள்ளே ஒரு மேசை. மேசைக்கு நடுவில் வெள்ளைக்கார அதிகாரி. அவருக்குத் தமிழ் வராது. பக்கத்தில் தமிழ்க் குமாஸ்தா. புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்துவந்து, சரியாகப் படிக்கிறார்களா என்று சொல்ல வேண்டியவர். அவரும் எங்கள் கோவில்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன்வரிசையில் மண்டியிடுவார். கதவருகே ஒரு சேவகன். மேசையோரம் நான், வழக்கம்போல் நின்றபடி.

அக்கா வந்தாள். வெள்ளைச் சேலை, தலைமேல் முக்காடு, கோவிலுக்கு வருவதுபோலவே. புத்தகத்தைக் கொடுத்தாள். அதிகாரி அதை மேசைமேல் நிற்கவைத்துக் கையை எடுத்தார், எங்கே திறக்கிறதோ அந்தப் பக்கம் என்பது அவர் முறை. அதிகம் திறந்த இடத்தில்தான் புத்தகம் தானாகத் திறக்கும். மாதா படம் வந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

விரலை வைத்தாள். முதல் பட்டத்தைச் சொன்னாள். அதற்கான பதில் முதல் தடவைக்கு மட்டும் அச்சாகியிருந்தது, அதையும் சொன்னாள். அதற்குக் கீழே பட்டங்கள் மட்டும் வரிசையாக இறங்கின, பதில் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு அச்சடிப்பது என்று விட்டிருப்பார்கள்.

இரண்டாவது பட்டத்தைச் சொன்னாள். நிறுத்தினாள்.

நடிப்பு இல்லை. அங்கே நிறுத்தித்தான் அவள் வாய்க்குப் பழக்கம். அறை அமைதியாக இருந்தது. விரல் அடுத்த வரிக்குப் போகவில்லை.

குமாஸ்தா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, மெல்லச் சொன்னார், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

விரல் நகர்ந்தது. மூன்றாவது பட்டம். இந்தத் தடவை கதவோரச் சேவகனும் சேர்ந்துகொண்டான். நான்காவதற்கு வராந்தாவில் கதவுக்குப் பக்கத்து பெஞ்சு. அடுத்ததற்கு அடுத்த பெஞ்சு. கையால் அணைத்தால் நிற்காத நெருப்பு மாதிரி அது வராந்தா நீளத்துக்கும் ஓடியது. என் வாயும் சொன்னது. எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நடுவில் என் குரலைக் கேட்டேன். அக்காவின் குரல் எழும்பிவிட்டது. அது சோதனைக்கு வந்தவளின் குரல் இல்லை, எங்கள் தெருவின் குரல்.

அதிகாரியின் பேனா நின்றது. என் பக்கம் திரும்பினார். “என்ன நடக்கிறது?”

“அந்தப் பெண் படிக்கிறாள், முசியே.”

“மற்றவர்கள்?”

“பதில் சொல்கிறார்கள்.”

“அவர்களிடம் புத்தகம் திறந்திருக்கவில்லையே” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சின்ன ஆர்வம்தான் இருந்தது குரலில். கையை நீட்டி, அக்காவின் விரலுக்கடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, பதனமாக மூடி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “தொடரச் சொல்.”

“மேல சொல்லச் சொல்றாரு அக்கா.”

“பொஸ்தகத்த மூடி வச்சிட்டா?”

“ஆமா.”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. துரைக்கும் பிடித்துவிட்டது, அவரும் கேட்க விரும்புகிறார் என்று நினைத்துவிட்டாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஒரு பட்டம் விடாமல், ஒரு மூச்சு பிசகாமல், கடைசிவரை சொல்லி முடித்தாள். வராந்தா முழுக்க அவளோடு கூடவே வந்தது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். குமாஸ்தாவும் போட்டுக்கொண்டார், போட்டுக்கொண்ட கையைப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மேசைக்கடியில் வைத்தார்.

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன் வைத்தார். தெருவிளக்குகளைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ ஒரு தமிழ் அறிவிப்பு.

“இத படிக்கணுமாம்.”

அக்கா காகிதத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்று எழுதத் தோன்றுகிறது. நேரம் அதிகம் ஆகியிருக்காது. முகத்தில் பயமில்லை. புது மனுஷர் ஒருவரை அறிமுகமில்லாமல் பார்க்கிற முகம்.

“இத யாரும் எங்கிட்டச் சொன்னதில்லியே தம்பி” என்றாள்.

அதையும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதினார்.

வெளியே வந்தபோது வராந்தா பேசாமல் இருந்தது. அவர்களுக்கும் புரிந்துவிட்டிருந்தது, இனி அவரவர் முறை வரும்போது புத்தகம் உதவாது என்று. ஒரு பெண் தன் புத்தகத்தைத் துணியில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். தெருவுக்கு வந்தபின் குமாஸ்தா எங்கள் பின்னால் ஓடிவந்தார். வேர்த்திருந்தார்.

“அக்கா, பழக்கம்க்கா. வாய் தானா வந்துடுச்சி. நான் மூடிக்கிட்டு இருந்திருந்தா—”

“நீ சொல்லாம இருந்தா ரெண்டாவதுலயே நின்னிருப்பேன்யா” என்றாள் அக்கா. “பதில் வந்தாதான் எனக்கு அடுத்தது வரும். போ, உள்ள தேடப்போறாங்க.”

அவர் போகவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். நாங்கள்தான் போனோம்.

அடுத்த கூட்டத்தில் விதியைத் திருத்தினார்கள். மதப் புத்தகங்கள் சோதனைக்கு ஏற்றவையல்ல. பெரியவர் காதில் அதைச் சொன்னேன்.

“ஏனாம்?”

“மனப்பாடமா சொல்லிடறாங்களாம் ஐயா.”

“ஆமாமா, கேள்விப்பட்டேன். எவளோ ஒருத்தி சர்க்கார் கச்சேரிக்குள்ளயே பிரார்த்தனை வச்சிட்டாளாமே! சேவகன்லேருந்து குமாஸ்தா வரைக்கும் கூடவே பாடனாங்களாம். அந்தத் தொரை மொகத்தப் பாத்திருக்கணும்டா!” கன்னத்து வெற்றிலை வெளியே வந்துவிடும்போல் இருந்தது. “கெட்டிக்காரி.”

“ஆமா ஐயா” என்றேன்.

கையைத் தூக்க வேண்டிய நேரம் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் கை ஏறியதைப் பார்த்து அவரும் தூக்கினார். அவர் நல்ல மனிதர். அந்தப் பெண் என் அக்கா என்று தெரிந்திருந்தால் தூக்கியிருக்கமாட்டார். தூக்காதிருந்தாலும் கணக்கு மாறியிருக்காது. நான் சொல்லவில்லை. சொல்வது என் வேலையில் சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த விதி வெகுகாலம் நடக்கவில்லை. யாரும் ரத்துசெய்யவும் இல்லை. ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, சோதனை மேசைக்கு வேறு வேலை வந்தது, மறந்துபோனார்கள். அதற்குள், மூத்தார் வீட்டுக்கே அனுப்பப்பட்டிருந்த அக்காவுக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, நான் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு மூடியிருந்தார்கள். மூத்தார் வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். “நல்ல பொம்பள, இருக்கற எடமே தெரியாது” என்றார் மூத்தார். அழுகை வரும் என்று நினைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பும் வண்டியைப் பிடித்தேன்.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது, வண்டியேற்றி அனுப்பிய அன்று, எங்கள் ஊர் ஸ்டேஷனில்தான்.

ஆலைச் சிநேகிதிகள் முந்தின நாளே வந்து அழுதுவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் அவர்களுக்குச் சங்கு. மூட்டையைக் கட்டியதும், கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

“அங்க அத மாட்ட எனக்குன்னு செவுரு ஏதுடா? நீ மொகம் பாத்துச் சவரம் பண்ணு. காடு மாதிரி இருக்குது.”

எல்லை தாண்டும் வண்டிக்காக ஸ்டேஷனிலேயே நின்ற இங்கிலீஷ் சுங்கக்காரன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். துணியை உதறினான். செபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினான். போன வருஷத்துக் குருத்தோலைத் துண்டு ஒன்று விழுந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு, போ என்றான். அக்கா குனிந்து எடுத்து, எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ அந்தப் பக்கத்தில் வைத்தாள். தேடவேயில்லை, கை நேராக அங்கே போனது.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பிளாட்பாரத்தில் நின்றேன். கரிப்புகை வந்தது, போனது. எதிரே கூலிக்காரன் ஒருவன் தன் தலைப்பாகையை அவிழ்த்து, மறுபடி கட்டி, பிடிக்காமல் மறுபடி அவிழ்த்தான். இரண்டு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் பார்வை அவனைத் தாண்டி மேலே போனது.

“தம்பி, அதுல என்னா எழுதியிருக்குது?”

“எதுல?”

“அந்தப் பலகையில. வரும்போதும் போகும்போதும் பாப்பேன். கேக்கணும்னு தோணனதில்ல.”

“ஊர் பேருக்கா.”

“எந்த ஊரு?”

“இந்த ஊருதான்.”

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அவள் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் கூடவே நடந்தேன்.

“அவ்ளோதானா?” என்றாள்.

“அவ்ளோதான்கா.”